கைப்பிடியா, மருந்துச் சீட்டா?

முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியவர் விழாமலிருக்க எதை முதலில் செய்வது? குளியலறைக்குக் கைப்பிடி வைப்பதா, மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதா?

செலவு: கைப்பிடிக்குக் கம்பியும் ஆள்கூலியும். சீட்டுக்கு டாக்டர் ஃபீஸ்.

நிலைப்பு: கைப்பிடி ஆண்டுக்கணக்கில் நிற்கும். சீட்டோ ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி போய் வந்ததும் நீளும்.

பலன்: இங்கேதான் விஷயம். இரவில் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை, கூடவே பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை. இரண்டு மணிக்குச் சிறுநீர் முட்டி எழுந்தால் தலை கிறுகிறுக்கும். கைப்பிடி எட்டுவதற்குள் கட்டிலோரத்திலேயே சாய்ந்துவிடுவார். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்காகத் தூக்க மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.

நாலைந்து மாத்திரை போடுபவருக்குச் சீட்டுதான் முதலில். ஈரத்தரையில் தடுமாறுபவருக்குக் கைப்பிடி.