ஹேஷ் பொருந்தவில்லை என்று வந்தபோதெல்லாம்

கிரிப்டோவில் பந்தயம் கட்டும் பகடை ஆட்டத் தளம் ஒன்றை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம். ஆட்டத்தைவிட என் நேரத்தை அதிகம் தின்றது அதிலுள்ள 'சரிபார்' பக்கம்தான், அதாவது முடிவைத் தளம் இடையில் மாற்றவில்லை என்று நாமே சோதித்துப் பார்க்கும் பக்கம். முதல் தடவை பார்த்தபோதே 'பொருந்தவில்லை' என்று சிவப்பில் வந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று அன்றிரவே கோபமாகப் புகார் எழுதினேன். மறுநாள் பார்த்தால் தப்பு என்னுடையது.

தளம் தன் சர்வர் சீடை (முடிவைக் கணக்கிட உதவும் ரகசிய எழுத்துத்தொடர்) மறைத்துவைத்து, அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை மட்டும் முன்கூட்டியே காட்டும். ஹேஷ் என்பது சீடின் கைரேகை மாதிரி; அதை வைத்துச் சீடைக் கண்டுபிடிக்க முடியாது. நம் பக்கத்திலிருந்து கிளையன்ட் சீடு என்று இன்னொரு எழுத்துத்தொடர். அப்புறம் நான்ஸ், அதாவது ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும் எண். மூன்றையும் ஹெச்மேக் என்ற ஹேஷ் கணக்கில் போட்டால் முடிவு வரும். புது சீடுக்கு மாறிய பிறகுதான் பழைய சீடு வெளியே வரும். நானோ மாறாமலேயே, காட்டியிருந்த ஹேஷைச் சீடு என்று நினைத்து ஒட்டியிருக்கிறேன். இங்கே இரண்டுமே 64 எழுத்து, யாருக்கும் குழம்பும்.

அதற்கடுத்த பிழைகள் சில்லறை. காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த ஓர் இடைவெளி, மொத்த ஹேஷையும் மாற்றிவிட்டது. நான்ஸ் பூஜ்யத்தில் தொடங்குகிறதா ஒன்றிலா என்று பார்க்காததால் ஒரு வாரம் பக்கத்து ஆட்டத்தின் முடிவையே சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் தலைவலி கொடுத்தது நானே எழுதிய ஸ்கிரிப்ட். முதலில் எதுவுமே பொருந்தவில்லை. சீடை ஹெக்ஸ் எண்ணாக (0-9, a-f எழுத்துகளில் எழுதும் பதினாறு அடிமான எண்) கருதி 32 பைட்டுகளாக மாற்றியிருந்தேன். தளமோ அதை 64 எழுத்துள்ள வெறும் உரையாகவே எடுத்துக்கொள்கிறது. சரி, அதைத் திருத்தினேன். பிறகு எல்லாம் பொருந்தியது, நூற்றில் நாலைந்து ஆட்டங்களைத் தவிர. சந்தேகம் கிளம்புவது இப்படிப்பட்ட இடத்தில்தான். பொருந்தாதவற்றில் நான் தோற்ற ஆட்டங்கள் மட்டும் கண்ணில் பட்டன.

விஷயம் இதுதான்: ஹெச்மேக் கணக்கில் கிடைக்கும் ஹேஷின் முதல் ஐந்து ஹெக்ஸ் எழுத்துகள் 10,48,575 வரை போகும். எல்லா முடிவுக்கும் ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதால் 10 லட்சத்துக்குக் கீழ் இருந்தால்தான் தளம் ஏற்கும். இல்லாவிட்டால் அடுத்த ஐந்துக்குப் போகும். கிடைத்த எண்ணை 10,000-ஆல் வகுத்து, மீதியை நூறால் வகுத்தால் பகடை எண். அந்த 'அடுத்த ஐந்து' என் ஸ்கிரிப்டில் இல்லை. சேர்த்ததும் ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்கள் ஒன்றுவிடாமல் பொருந்தின. (பொருந்தியதால் பணம் திரும்பி வரவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்புக்கு இரண்டு மடங்கு தராமல் 1.98 மடங்குதான் தருகிறார்கள். அதில் ஏமாற்றத் தேவையே இல்லை.)

தளத்தின்மேல் எனக்குள்ள குறை ஒன்றுதான். பொருந்தாவிட்டால் ஏன் என்று அந்தப் பக்கம் சொல்வதில்லை. 'சீடு இன்னும் வெளியாகவில்லை' என்று ஒரு வரி காட்டியிருந்தால் என் முதல் புகாரே போயிருக்காது. உதவிக் குழுவும் 'பிரவுசர் கேஷை அழியுங்கள்' என்பதைத் தாண்டவில்லை.

இப்போதெல்லாம் ஆடுவதற்கு முன்பே ஹேஷைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கிறேன். சீடு வெளியானதும் அதன் ஹேஷ் எழுதிவைத்ததோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்ப்பேன். அது ஒத்துப்போகாவிட்டால்தான் புகார். இதுவரை அப்படி ஒன்றுகூட வரவில்லை. வேறு தளங்களில் சரிபார்க்கப் போனால் ஒன்று கவனியுங்கள்: இதற்கு வாலட்டை (கிரிப்டோ வைத்திருக்கும் பணப்பை) இணைக்கவே வேண்டியதில்லை. அந்த வாலட்டைத் திறக்கும் மீட்புச் சொற்களைக் கேட்கிற பக்கம் திருட்டுப் பக்கம்.