சில்கூட்டா, ஒயிட் பாஸா?

1896 ஆகஸ்டில் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. மறுவருஷம் சேதி பரவியதும் சுமார் ஒரு லட்சம் பேர் வடக்கே கிளம்பினார்கள். அலாஸ்கா கரையில் இறங்கியவர்கள் மலையைத் தாண்ட பெரும்பாலும் சில்கூட், ஒயிட் பாஸ் என்ற இரண்டு கணவாய்களில் ஒன்றைத்தான் பிடித்தார்கள்.

கரையோர ஊரான ஸ்காக்வேயிலிருந்து போகும் ஒயிட் பாஸ் உயரம் குறைவு, குதிரையும் ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேற்றிலும் பாறையிடுக்கிலும் சுமார் 3,000 குதிரைகள் மாண்டன. ‘செத்த குதிரைப் பாதை’ என்றே பெயர் விழுந்தது.

பக்கத்து ஊரான டையீயிலிருந்து தொடங்கும் சில்கூட் 53 கிலோமீட்டர்தான். சரி, ஆனால் கடைசி ஏற்றம் செங்குத்து. பனியில் வெட்டிய சுமார் 1,500 படிகள். ஒரு வருஷத்துக்கான சாமான் இல்லாதவரைக் கனடா போலீஸ் எல்லையில் திருப்பி அனுப்பியது. கிட்டத்தட்ட ஒரு டன் எடை! அதை முதுகில் சுமந்து, அதே படிகளில் முப்பது நாற்பது நடை ஏற வேண்டும். காசிருந்தவர்கள் திலிங்கித் பழங்குடிச் சுமைகாரர்களை அமர்த்திக்கொண்டார்கள். 1898 ஏப்ரலில் பனிச்சரிவு 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

என்னைக் கேட்டால் அப்போதும் சில்கூட்தான். வாயில்லா ஜீவனை வதைக்காமல் போகலாமே. ஆனால் ரயில் வந்தது ஒயிட் பாஸில். 1900இல் பாதை முடிந்தது. டையீ ஆளரவமற்றுப் போனது.