திரையில் முதலில் முளைத்த பல்: இம்ப்ளான்ட்டோடு ஐந்து வருடம்

கீழ்த்தாடையில் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். வேர் சிகிச்சை செய்து, கேப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த பல் ஒருநாள் வேர்வரை பிளந்துவிட்டது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அந்த இடத்தில் டிஜிட்டல் முறையில் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் இறக்கும் டைட்டானியத் திருகும் அதன்மேல் ஒரு செயற்கைப் பல்லும், வைத்து ஐந்து வருடம் ஆகிறது. வைத்த புதிதில் எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவது வருடம் நடந்த ஒன்றுதான் இப்போது எழுத வைக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சி.பி.சி.டி. ஸ்கேன், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், தடிமன் தெரியாது. இதில் இரண்டும் தெரிந்தது. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடும் கால்வாயும் தெளிவாகத் தெரிந்தது. அந்த நரம்பு அடிபட்டால் உதடு மரத்துப்போகும், சிலருக்கு அது சரியாகாமலே போகலாம். அப்புறம் தடிமனான பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் விட்டுப் பற்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள். அச்சு எடுக்கும் பசை கிடையாது. அதைப் பார்த்தாலே குமட்டும் என்னைப் போன்றவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

இரண்டு ஸ்கேனையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினார் மருத்துவர். எலும்பு இருக்கிற இடத்தில் திருகை இறக்கிவிட்டு, அதற்கேற்பப் பல்லைச் செய்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். திரையில் நடந்தது தலைகீழ். இல்லாத பல்லை முதலில் வரைந்தார். எதிர்ப்பல்லோடு அது எங்கே கடிக்கும் என்று பார்த்தார். பிறகுதான் அதற்கு நேர் கீழே 4.3 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. நீளமும் உள்ள திருகை வைத்தார். நரம்புக்கு மேல் 2 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார். பல்லைத் திருகோடு இணைக்கும் ஆணியின் துளை, மெல்லும் பரப்பின் நடுவில் வரும்படி கோணத்தையும் சரிசெய்தார். அந்தத் துளையின் அருமை அன்று எனக்குப் புரியவில்லை.

அந்தத் திட்டப்படி ட்ரில் இறங்க வேண்டிய வழியைக் காட்ட, ரெசினில் ஒரு கைடு முப்பரிமாண அச்சில் செய்து வந்தது. பக்கத்துப் பற்கள்மேல் கவ்வி உட்காரும். ஆனால் அன்று காலை அது முழுதாக உட்காரவில்லை. கைடில் சின்னச் சின்ன ஜன்னல்கள் விட்டிருப்பார்கள், அவற்றின் வழியே பார்த்தால் பல்லுக்கும் கைடுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. உள்ளே ஓர் இடத்தில் லேசாகத் தேய்த்த பிறகுதான் படிந்தது. அதைப் பார்க்காமல் அழுத்திப் பிடித்துத் துளையிட்டிருந்தால் கோணமே மாறியிருக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் கைடு வழியே இறங்கும் திருகு சராசரியாக ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விலகலாம் என்றார். திரையில் விட்ட அந்த 2 மி.மீ. எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர அவ்வளவு நாள் தேவை. முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியம் கழற்ற வராததைப் பார்த்துத்தான் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரனெமார்க் இந்த ஒட்டுதலைக் கண்டுகொண்டார். 1965-இல் மனிதருக்கு வைத்தார். அன்றிலிருந்து எத்தனையோ மென்பொருள் வந்துவிட்டது, ஆனால் எலும்பு அதன் வேகத்தில்தான் வளர்கிறது.

சிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகையில் பல்லைக் கணினியில் வடிவமைத்து, இயந்திரத்தில் கடைந்து, திருகி மாட்டினார்கள். பொருத்தம் கச்சிதம். கடிக்கும்போதுதான் விநோதமாக இருந்தது, சொந்த வாயில் கூழாங்கல்லை வைத்து மெல்வதுபோல. இயற்கைப் பல் எலும்பில் மெல்லிய நார்களால் தொங்குகிறது. கடித்தால் இம்மியளவு அமுங்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று மூளைக்குச் சொல்லும். இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார் இல்லை. அதனால் பலமாகக் கடித்தால் மட்டும் எதிர்ப்பல்லைத் தொடும்படி கொஞ்சம் தணித்து வைத்தார்கள். பழக நான்கைந்து மாதம் ஆயிற்று.

சரி, மூன்றாவது வருடம். இம்ப்ளான்ட்டுக்கும் முன்பல் பக்கம் இருக்கும் பல்லுக்கும் நடுவே உணவு சிக்கத் தொடங்கியது. நான் ஒழுங்காகத் துலக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு, குச்சியால் குத்தி ஈற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். போய்க் காட்டியதும் புது ஸ்கேன் எடுத்துப் பழைய ஸ்கேன்மேல் பொருத்திப் பார்த்தார்கள். பக்கத்துப் பல் முன்னோக்கி நகர்ந்திருந்தது. வயதானாலும் இயற்கைப் பற்கள் மெல்ல முன்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்குமாம். எலும்போடு ஒட்டிப்போன இம்ப்ளான்ட் நகராது. இது பலருக்கும் வருகிற தொல்லை. முதல் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இங்கேதான் அந்தத் துளை கைகொடுத்தது. மேலே அடைத்திருந்ததை எடுத்து, ஆணியைக் கழற்றி, பல்லை முழுசாக வெளியே எடுத்துவிட்டார்கள். ஊசிகூடப் போடவில்லை. பசையால் ஒட்டிய பல்லாக இருந்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருப்பார்கள். பழைய வடிவக் கோப்பு பத்திரமாக இருந்தது. அதில் பக்கச் சுவரை மட்டும் சற்றுப் பருமனாக்கிப் புதுப்பல் கடைந்தார்கள், கடிக்கும் பரப்பில் கை வைக்கவில்லை. அதனால் மறுபடி பழக வேண்டிய அவசியமே வரவில்லை. அன்றே கோப்புகளின் நகலையும் இம்ப்ளான்ட்டின் வகை, அளவு, ஆணியின் வகை எழுதிய அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு நிறுவனத்தின் ஆணிக்கு இன்னொன்றின் திருப்புளி பொருந்தாமல் போகலாம்.

இம்ப்ளான்ட் சொத்தையாகாது. ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கி, வலியே தெரியாமல் எலும்பு கரையலாம். இதற்குத் தினமும் இடைப்பல் பிரஷ், வருடம் ஒருமுறை எக்ஸ்ரே என்று வைத்திருக்கிறேன்.

புதுப்பல் போட்டு ஒன்றரை வருடம். இரவில் பல்நூலை அந்த இடுக்கில் இறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்காமல் நூல் சும்மா வழுக்கி இறங்கும் நாளில் மறுபடி போய் உட்கார வேண்டியதுதான்.