தடிப்புக்கு விலை போடும் கடை

யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தப் பழைய புத்தகக் கடையில் புத்தகத்தின் விலை அதன் தடிப்பைப் பொறுத்தது. எழுதியவர் யார், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பதெல்லாம் கடைக்கார ஐயாவின் கணக்கில் வராது. புத்தகத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துப் பார்ப்பார், "முன்னூறு" என்பார், அவ்வளவுதான். பழைய ஆங்கில அறிவியல் புனைகதைகளைத் தேடித் திரிகிற என்னைப் போன்றவர்களுக்கு இது கொண்டாட்டம். 1950, 60களில் வந்த அந்த நாவல்களில் முக்கால்வாசி 200 பக்கத்தைத் தாண்டாது. மாயாஜாலக் கதை தேடுகிறவர்களின் பாடுதான் திண்டாட்டம். டோல்கீனின் மோதிரக் கதையை (லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்) 1968இல் லண்டனில் ஒரே தொகுதியாகப் போட்டார்களே, போலின் பேய்ன்ஸ் வரைந்த அட்டையோடு, அது 1000 பக்கத்துக்கு மேல். ஐயா இரண்டு விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் தூக்கி 1800 ரூபா சொன்னார். அந்தப் பதிப்பில் பின்னிணைப்புகளில் ஒன்றைத் தவிர மற்றவை கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "அது இல்லாமலே இவ்வளவு பாரமோ?" என்று கேட்டார்.

கஸ்தூரியார் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது கடை. பெயர்ப் பலகை கிடையாது. வெளியே கயிற்றில் தொங்கும் பழைய ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வினாத்தாள் தொகுப்புகள்தான் அடையாளம். வருமானமும் அதில்தான். நமக்கு வேண்டியவை உள்ளே, இறாக்கைகளுக்குப் பின்னால், அரிசிச் சாக்குகளில் கிடக்கும். பிள்ளைகளோடு கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்ச் சேரப் புறப்படுகிறவர்கள் வீட்டை ஒதுக்கும்போது வருகிற புத்தகங்கள் இவை. பலவற்றின் முதல் பக்கத்தில் பழைய சொந்தக்காரரின் கையெழுத்து இருக்கும். நான் வாங்கிய ஒன்றில் அழகான தமிழ் எழுத்தில் "பேராதனை, 1967". பொறியியல் படிக்கப் போன ஒருவர் பரீட்சைக் காலத்தில் செவ்வாய்க் கிரகக் கதை வாசித்திருப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்கப் பதிப்புகள் இங்கே அபூர்வம். பான், கோர்கி, பாந்தர் என்று இங்கிலாந்துப் பேப்பர்பேக்குகள்தான் அதிகம். ஆண்டு அச்சாகாத, அல்லது அந்தப் பக்கமே கிழிந்துபோன பிரதி கிடைத்தால் பின்னட்டை விலையைப் பாருங்கள். 3/6 என்றிருந்தால் மூன்று சிலிங் ஆறு பென்ஸ், 1971 பெப்ரவரியில் இங்கிலாந்து தசம நாணயத்துக்கு மாறுவதற்கு முந்தியது. சிலிங்கும் புதிய பென்ஸும் சேர்ந்தே இருந்தால் அந்த மாற்றத்தை ஒட்டிய ஓரிரு ஆண்டுகள். அமெரிக்கப் பதிப்பு என்று எனக்கு அகப்பட்டது ஓர் ஏஸ் இரட்டைப் புத்தகம், 35 சத விலை போட்டது. ஒரு பக்கம் ஒரு நாவல், கவிழ்த்துத் திருப்பினால் மறுபக்கம் இன்னொரு நாவல், இரண்டு முன்னட்டை. ஐயாவின் கணக்கில் அது ஒரு மெல்லிய புத்தகம். 250 ரூபா.

பிரித்து அடுக்குவதில் ஐயாவிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் சாகும்வரை இங்கேயே இருந்த ஆர்தர் சி. கிளார்க்கின், விண்வெளிவரை ஏறும் லிஃப்ட் பற்றிய விண்ணுயர்த்தி நாவல், அதுதான் 1979இல் வந்தது, "இலங்கைச் சுற்றுலா" என்ற தட்டில் இருந்தது. பக்கத்தில் அவர் நம் கடலடிப் பாறைகளைப் பற்றி எழுதிய சுழியோடிப் புத்தகம். பாறைப் புத்தகம் அங்கே இருப்பது நியாயம். ஆனால் நாவலில் அவர் நாட்டையே 800 கிலோமீற்றர் தெற்கே, பூமத்திய ரேகைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு எந்தச் சுற்றுலாப் பயணி எங்கே போய்ச் சேருவாரோ! உர்சுலா லெ குவினின் மந்திரவாதிக் கதை, சிறுவர் நூல்கள் போடும் பஃபின் வெளியீடு என்பதால், நர்சரிப் பாட்டுப் புத்தகங்களோடு கிடந்தது. மாயாஜாலக் கதைகளில் மெல்லியது அதுதான், கண்டால் விடாதீர்கள். மாஸ்கோ மீர் பதிப்பகத்தின் சோவியத் அறிவியல் புனைகதைத் தொகுப்புகள் பௌதிகப் பாடநூல்களுக்கு நடுவே இருக்கும். மீர் என்றால் பௌதிகம் என்பது ஐயாவின் தீர்மானம். சுஜாதா மட்டும் சரியான இடத்தில் இருக்கிறார், மேசைக்குப் பக்கத்தில், ஏனென்றால் வந்த கையோடு விற்றுவிடும்.

வேண்டிய புத்தகத்தைச் சொல்லிவைத்தால் கொப்பியில் எழுதிக்கொள்வார். தேடவும் செய்வார், தன் வழியில். "பிள்ளை, றொக்கெற் படம் போட்ட புத்தகம் ஒண்டு வந்து கிடக்கு, உமக்கெண்டு எடுத்து வைச்சனான்" என்று ஒருநாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் தீபாவளி வெடிக் கடையின் விலைப்பட்டியல். அதற்கும் காசு கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது செலோரேப்பில், அந்த ஒட்டு நாடாவில். முதுகு கிழிந்த புத்தகங்களை ஐயா அதால் சுற்றிவிடுகிறார். நம் ஊர் வெக்கைக்கு அந்தப் பசை இளகி, அட்டைக்குள் ஊறி, இரண்டு வருடத்தில் மண்ணிறக் கோடாகிவிடும். இழுத்தால் ஓவியமும் சேர்ந்து வரும். கிழிந்தபடியே தாருங்கள் என்று நான் சொல்வது அவருக்குத் தன் கைவேலையைக் குறை சொல்வதாகப் படுகிறது. பூச்சியைத் தடுக்க ஐயாவிடம் வழியில்லை. மலிவுத் தாள் எப்படியும் பழுத்து நொறுங்கும், இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் ஒவ்வொரு பக்கமாக விரித்துத் தட்டுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள், அட்டை வளைந்துவிடும். அட்டை மடிப்பே இல்லாத, கண்ணாடி அலுமாரியில் வைக்கிற தரத்துப் பிரதி வேண்டுமென்றால் இந்தக் கடை உங்களுக்கு இல்லை. வாசிக்க வேண்டும், அட்டையைக் கொஞ்சம் ரசிக்க வேண்டும் என்றால் இதுதான் இடம்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் திறப்பார், பதினொரு மணிக்கு முன் போகாதீர்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை பூட்டு. வங்கி அட்டை எடுக்கமாட்டார், காசுதான். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் மாற்றக் காசில்லை என்று உங்களையே சந்திவரை அனுப்புவார், அதற்குள் யாராவது அந்தச் சாக்கைக் கிளறத் தொடங்கிவிடுவார்கள்.