மிளகுக்கொடி ஏற்ற எது நல்லது: கல்யாண முருங்கையா, சீமைக்கொன்னையா?

குமுளி, வண்டன்மேடு பக்கம் மிளகு போடுகிற நம்ம ஆட்கள் மழைக்கு முன்னால் கேட்பது இதைத்தான்: கொடி ஏறுவதற்கு எந்த மரத்துப் போத்தை, அதாவது வெட்டி நடும் கிளையை, நடுவது? என் கணக்கில் இப்போதைக்குச் சீமைக்கொன்னைதான். ஆனால் கல்யாண முருங்கையை அடியோடு கைவிடக் கூடாது.

முருக்கு, முள்முருங்கை என்று எப்படிக் கூப்பிட்டாலும் மிளகுக்கு அதைப் போல ஒரு தாங்கு மரம் அமைவது கஷ்டம். அவரைக் குடும்பத்து எரித்ரினா இனம் என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும். போத்து வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், பட்டையில் கொடியின் வேர் நன்றாகப் பற்றும், வெயில் காலத்தில் இலை உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேல் என்று பூக்கும். சளி பிடித்தால் அரிசியோடு அரைத்து அடை சுட அந்த இலைதான் வேண்டும்.

பிரச்சினை குளவிதான். 2004-இல்தான் அறிவியல் பெயரே கிடைத்த, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே தேறும் பூச்சி அது. கொழுந்திலும் இலைக்காம்பிலும் முட்டையிடும். புழு உள்ளேயே வளர, காம்பு விரல் பருமனுக்கு முண்டு முண்டாக வீங்கி, இலை சுருண்டுவிடும். முற்றிய முண்டை உற்றுப் பாருங்கள், குளவி வெளியேறிய ஊசித்துளைகள் தெரியும். இப்படியே துளிர்க்கவிடாமல் அடித்தால் மரம் பட்டுப்போகும், காய்த்துக்கொண்டிருக்கிற கொடியும் அதோடு சரியும். அதுதான் மனசு ஆறாத நஷ்டம்.

சீமைக்கொன்னை, அதாவது கிளைரிசிடியா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். அதுவும் அவரைக் குடும்பம்தான், போத்திலிருந்தே வரும், தழை உரத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை, முள்ளும் கிடையாது, இந்தக் குளவியும் அதைத் தொடாது. குறை என்றால், தண்டு பருக்க நாளாகும், கிளை கண்டபடி பிரியும். மழை தொடங்குவதற்கு முன் கழித்துவிடாவிட்டால் நிழல் கட்டி, கொடியில் சரம் குறையும்.

சில்வர் ஓக்கையும் சிலர் சொல்கிறார்கள். நேராக ஓங்கி வளரும், பின்னால் மரவேலைக்கும் ஆகும், சரி. ஆனால் அது அவரைக் குடும்பம் இல்லை, மண்ணுக்குத் தழைச்சத்து தராது. நாற்றாக வைத்துக் கொடி ஏற்றவே சில வருஷம் காத்திருக்க வேண்டும்.

புதிதாக நடுகிறவர்கள் தோட்டம் முழுக்கச் சீமைக்கொன்னை வையுங்கள். வேலியோரம் நாலைந்து முருக்கு இருக்கட்டும், வீங்கிய கொழுந்தைக் கண்டதும் ஒடித்து எரித்துவிடுங்கள். எந்த மரமானாலும் கொடியை வடக்குப் பக்கம் நடுங்கள், தென்வெயில் இளங்கொடியைக் கருக்கிவிடும்.