டிஸ்னிக்குள் டைம்ஷேரா, கிஸிம்மியில் வாடகை வீடா?

பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறிவிட்ட சென்னைக் குடும்பங்களில், டிஸ்னி பூங்காக்கள் இருக்கும் ஆர்லாண்டோவுக்குப் போய்வந்த கையோடு ‘டிஸ்னியிலேயே ஒரு டைம்ஷேர், அதாவது விடுதியில் தங்கும் உரிமையில் ஒரு பங்கு, வாங்கிப் போட்டுவிடலாமா’ என்ற பேச்சு எழுவதுண்டு. மால் வாசலில் பரிசுக் கூப்பன் நிரப்பச் சொல்லி, பிறகு விருந்துக்கு அழைத்து உறுப்பினராக்கும் திட்டங்களைப் பார்த்துச் சலித்த ஊர் நம்முடையது. ஆயினும் 1991-இல் தொடங்கிய, டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பை அந்தச் சலிப்போடு ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. வாங்கியதை மறுபடி விற்பதற்கென்று அதற்கு ஓரளவு உயிருள்ள சந்தையும் இருக்கிறது.

அங்கே நாம் வாங்குவது, ஒரு குறிப்பிட்ட விடுதியில் கெடு வைத்த உரிமையையும், அதற்கு ஈடாக ஆண்டுதோறும் வரவாகி, அறை எடுக்கச் செலவிடும் புள்ளிகளையும்தான். ஓல்டு கீ வெஸ்ட் விடுதியின் ஒப்பந்தங்கள் பலவும் 2042-இலும், ரிவியராவின் ஒப்பந்தங்கள் 2070-இலும் முடிகின்றன. முடிந்ததும் உரிமை நம்மை விட்டுப் போய்விடும் என்பதால், பேரன் பெயருக்கு எழுதிவைக்கும் ஓ.எம்.ஆர். மனையைப் போல இதை எண்ணக் கூடாது. போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை டாலரில் கட்டியாக வேண்டும். அது பெரும்பாலும் ஏறுமுகமாகவே இருக்கும். சம்பளம் ரூபாயில் வருகிறவருக்கு ரூபாயின் சரிவும் சேர்ந்துகொள்ளும்.

முன்பதிவு விதிதான் சென்னைவாசிக்கு உண்மையான இடர். நாம் உரிமை வாங்கிய விடுதிக்கு 11 மாதம் முன்பும், மற்ற விடுதிகளுக்கு 7 மாதம் முன்பும் பதிவு தொடங்குகிறது. பள்ளி விடுமுறையான மே மாதத்தில் போக வேண்டுமென்றால் முந்தைய ஜூனிலேயே தேதியை முடிவு செய்ய வேண்டும்; அப்போது தாத்தா பாட்டியின் விசா நேர்காணலுக்கே நாள் கிடைத்திருக்காது. பயன்படுத்தாத புள்ளிகளை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் அதற்கும் கெடு உண்டு, தவறினால் அவை வீண்.

உள்ளே தங்குவதன் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எல்லா டிஸ்னி பூங்காக்களிலும் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். மேஜிக் கிங்டமுக்குக் காரில் வருகிறவர் நிறுத்துமிடத்தில் இறங்கி, ஏரியைச் சுற்றி மோனோரயிலோ ஏரியின் குறுக்கே படகோ பிடித்த பிறகே வாசலைப் பார்ப்பார். விடுதிப் பேருந்து வாசல் அருகிலேயே இறக்கிவிடும். புளோரிடாவின் மதிய வெயிலில் முழங்கால் வலிக்கிற பாட்டியை அறைக்கு அழைத்துவந்து, ஒரு தூக்கத்துக்குப் பின் வாணவேடிக்கைக்குத் திரும்பக் கூட்டிப்போவது உள்ளே இருந்தால்தான் எளிது. ஆனால் விற்பனையாளர் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: இந்தச் சலுகைகள் தங்குகிறவருக்கு உரியவை, டைம்ஷேர் வாங்கியவருக்கு மட்டும் உரியவையல்ல. டிஸ்னியின் மலிவான விடுதியில் காசு கொடுத்து அறை எடுத்தவருக்கும் முன்நுழைவும் பேருந்தும் உண்டு.

டிஸ்னிக்கு வெளியே, அருகிலுள்ள கிஸிம்மி ஊர்ப் பக்கத்து வாடகை வீடுகளில் மூன்று, நான்கு படுக்கையறைகளும் முழுச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் கிடைக்கும். டைம்ஷேரின் ஸ்டுடியோ அறையில் மைக்ரோவேவ் இருக்கும், அடுப்பு இருக்காது. ரசம் வைக்க வேண்டுமென்றால் புள்ளிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் ஒரு படுக்கையறை வில்லாவுக்குப் போக வேண்டும். பதிலுக்கு, வெளியே தங்குகிறவர் கார் வாடகையும் பூங்காவின் அன்றாட நிறுத்தக் கட்டணமும் தருகிறார். யுனிவர்சல் பூங்காக்களுக்கும் போவதாக இருந்தால், குறிப்பாக 2025 மே மாதம் அவர்களின் புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸ் திறந்த பிறகு, எப்படியும் டிஸ்னி பேருந்து உதவாது.

விலகும்போதும் செலவு இருக்கிறது. அமெரிக்காவில் குடியில்லாத வெளிநாட்டவர் அங்குள்ள சொத்துரிமையை விற்கும்போது, பொதுவாக விற்பனைத் தொகையில் 15 சதவீதம் வரிக்காகப் பிடித்துவைக்கப்படும்; மீதியைத் திரும்பப் பெற அங்கே வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்.

ஆகவே, காரிலேயே போய்வரும் தூரத்தில் ஆண்டுதோறும் தவறாமல் போகிற மகனோ மகளோ அங்கிருந்தால், அவர்கள் பெயரில், மறுவிற்பனையில் வாங்கட்டும். ரிவியரா போன்ற புதிய விடுதிகளை மறுவிற்பனையில் வாங்கினால் மற்ற டிஸ்னி விடுதிகளில் அந்தப் புள்ளிகள் செல்லாது என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளட்டும். சென்னையிலிருந்து எப்போதாவது போகிறவருக்கு வாடகை வீடே போதும். உள்ளேதான் தங்க வேண்டும் என்ற ஆசை விடாவிட்டால், உறுப்பினர் ஒருவரின் புள்ளிகளை வாடகைக்கு எடுக்கலாம். அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது என்பதால், விசா கைக்கு வந்த பிறகே அதைச் செலுத்துங்கள்.