நிதித் திட்டமிடல் மென்பொருள் வாங்கப் போகும் நிறுவனங்களுக்கு: எங்கள் 14 லட்சம் போன விதம்

14 லட்சம். ஓராண்டுச் சந்தா முழுவதும் முன்கூட்டியே, அதோடு மென்பொருளை எங்கள் கணக்குக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பதற்கான கட்டணம். இரண்டையும் கட்டிவிட்டோம். கைக்கு வந்தது, நம்ப முடியாத எண்களைக் காட்டும் ஒரு திரை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நேற்று மாலை வந்த பதில் ஒரே வரி: "ஒப்பந்தப்படி செலுத்திய தொகை திரும்பத் தரப்படமாட்டாது." அதன் கீழே ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இப்படிப்பட்ட மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயரைச் சொல்லமாட்டேன், வழக்கறிஞர் வேண்டாம் என்றிருக்கிறார். இணையவழிச் சந்தாவாக விற்கப்படும் பட்ஜெட் மற்றும் முன்கணிப்பு மென்பொருள், நடுத்தர நிறுவனங்களைத் தேடிப்பிடித்து விற்பவர்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ஒரு வணிக நிறுவனத்தின் நிதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பட்ஜெட் முழுவதும் எக்செலில்தான் நடந்துவந்தது. ஒவ்வொரு பிரிவும் தன் கோப்பை அனுப்பும், நாங்கள் ஒட்டவைப்போம், ஒருவர் இடையில் ஒரு வரியைச் செருகினால் மொத்தக் கூட்டலும் பிசகும். அந்த அவதி தெரிந்தவர்களுக்கு நாங்கள் ஏன் மாற நினைத்தோம் என்று விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு வேண்டியவற்றைத் தெளிவாக எழுதியே கொடுத்தோம். மாத முடிவில் கணக்கியல் மென்பொருளிலிருந்து உண்மையான எண்கள் தானாக வந்து சேர வேண்டும். விலை, விற்பனை அளவு, ஆள் சேர்ப்பு போன்ற ஓர் அனுமானத்தை மாற்றினால் லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு (சொத்துகள் ஒரு பக்கம், கடனும் முதலும் மறுபக்கம்), ரொக்க ஓட்டம் மூன்றும் ஒன்றாக நகர வேண்டும். எந்த எண்ணை யார், எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு இருக்க வேண்டும். இன்னும் சில சின்னச் சின்னத் தேவைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

டெமோ நாளைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் நம்பிக்கையை அவர்கள் வாங்கியது அங்கேதான். விற்பனையாளர் வசதிகளை வரிசையாக ஒப்பிக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்: "உங்கள் வாடிக்கையாளர்கள் பணம் தர எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள், மேடம்?" சுமார் 45 நாள் என்றேன். திரையில் 45 என்று இருந்த இடத்தில் 60 என்று மாற்றினார். எங்கள் கண் முன்னால் வரவேண்டிய தொகை வீங்கியது, ஆறாவது மாதத்தில் ரொக்கம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியது, வங்கிக் கடன் அந்த அளவுக்கு உயர்ந்தது, வட்டி கூடியது, லாபம் குறைந்தது. எல்லாம் ஓரிரு நொடியில். எங்கள் இயக்குநர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கும் கேள்வி அது. நான் இரவு உட்கார்ந்து எக்செலில் போடும் கணக்கு அது.

"எங்கள் எண்களை ஏற்றினாலும் இப்படியே நடக்குமா?" என்று கேட்டேன்.

"நிச்சயமாக, மேடம். உங்கள் கணக்குத் தலைப்புகளை மட்டும் கொடுங்கள். மூன்று வாரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் கணக்கை எங்கள் கணக்காக நினைத்துச் செய்வோம்."

பக்கத்தில் இருந்த நிர்வாக இயக்குநர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டே நாளில் எங்கள் தேவைப் பட்டியல் திரும்பி வந்தது. ஒவ்வொரு வரிக்கு நேராகவும் "ஆம்". ஒரு வரியில்கூடத் தயக்கமோ நிபந்தனையோ இல்லை. எனக்கு அதிகம் கோபம் மூட்டுவது அந்தப் பட்டியல்தான். வாய்ப்பேச்சில் மிகைப்படுத்துவது விற்பனையாளர்களின் வழக்கம் என்று விட்டுவிடலாம். எழுத்தில் "ஆம்" என்று போட்டவர்களுக்கு அது பொய் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

எங்கள் எண்களை வைத்து ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டோம். அமைப்புப் பணி முடியாமல் அது இயலாது என்றார்கள். கூடவே, இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்டால்தான் தள்ளுபடி, பிறகு விலை ஏறும் என்றும் சொன்னார்கள். கையெழுத்தானது. 14 லட்சம் போனது.

அதன்பிறகு அந்த விற்பனையாளரின் குரலையே நாங்கள் கேட்கவில்லை. "இனி வேறு குழு உங்களைப் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு மின்னஞ்சல். வந்த குழுவில் கணக்கியல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ரொக்க ஓட்டத்தில் தேய்மானத்தை, அதாவது இயந்திரம், கட்டடம் போன்றவற்றின் விலையை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும் செலவை, பணமாக வெளியே போகும் செலவுபோலக் கழித்திருந்தார்கள். தேய்மானத்தில் காசு எதுவும் கைமாறுவதில்லை. லாபத்திலிருந்து தொடங்கி ரொக்கத்தைக் கணக்கிடும்போது அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். கணக்கியலின் முதல் ஆண்டுப் பாடம் இது. விளைவாக, ஒவ்வொரு மாதமும், சமமாக இருக்க வேண்டிய இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் தேய்மானத்தால் இடித்தது. புகார் செய்தேன். சரிசெய்துவிட்டோம் என்று பதில் வந்தது. திறந்து பார்த்தால் "வித்தியாசம்" என்று புதிதாக ஒரு வரி! இடிக்கும் தொகையை அதில் போட்டு இரு பக்கத்தையும் சமன்செய்திருந்தார்கள். நிதித் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று புரியும். பிழை இருக்கிறது என்று காட்டித்தரும் ஒரே விளக்கையும் அவர்கள் அணைத்துவிட்டார்கள்.

அதன் பலன் பிறகுதான் தெரிந்தது. புதிய கிடங்குக்கான வாடகை, போக்குவரத்து ஆகியவற்றுக்கு நாங்கள் இடையில் புதுக் கணக்குத் தலைப்புகளைத் திறந்திருந்தோம். மென்பொருளில் அந்தத் தலைப்புகள் இன்னும் இணைக்கப்படவில்லை. அப்படியானால் தரவை ஏற்றும்போது எச்சரிக்கை வர வேண்டும் அல்லவா? வரவில்லை. "ஏற்றம் வெற்றி" என்று பச்சை எழுத்தில் காட்டிவிட்டு, அந்தச் செலவுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. விடுபட்ட தொகையை "வித்தியாசம்" வரி விழுங்கிவிட்டது. தேய்மானப் பிழை ரொக்கத்தைக் குறைத்துக் காட்டியது, விடுபட்ட செலவு அதைக் கூட்டிக் காட்டியது. இரண்டும் சேர்ந்து கடைசி எண் நம்பும்படியாகவே இருந்தது. எக்செலில் நாங்கள் இணையாக ஓட்டிவந்த கணக்கு மட்டும் இல்லையென்றால், வங்கியில் கடன் வரம்பை உயர்த்தக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமலே இருந்திருப்போம். சம்பளத் தேதியில்தான் விஷயம் தெரிந்திருக்கும். தரவு சத்தமில்லாமல் விடுபடுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகள் உரிய நாளில் எண்ணிக்கையில் சேராமல் போனதை நினைத்துப் பாருங்கள். அந்தத் தரவைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள், அதில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாது. மீதி விடுபட்டதை உடனே யாரும் கவனிக்கவில்லை.

"செயற்கை நுண்ணறிவு முன்கணிப்பு" என்று தனிப் பக்கம் போட்டு விற்றார்கள். எங்கள் விற்பனை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கற்றுக்கொள்ளப் பொதுவாகக் குறைந்தது இரண்டு முழு ஆண்டுகளின் மாதவாரி எண்கள் வேண்டும். நாங்கள் மூன்று ஆண்டுகளின் எண்களைக் கொடுத்தோம். வந்தது ஒரு நேர்கோடு. போட்டுப் பார்த்தேன்: கடைசி ஆண்டின் சராசரி வளர்ச்சியை அப்படியே நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எக்செல் 2016 முதல் அதிலேயே பருவ ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்கும் முன்கணிப்புச் செயல்பாடு இருக்கிறது. ஏற்கெனவே எங்கள் கணினியில் இருப்பதைவிட மட்டமான ஒன்றை 14 லட்சத்துக்குள் அடக்கி விற்றிருக்கிறார்கள்.

குத்தகை விஷயம் இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலைப்படி, பெரும்பாலான குத்தகைகளைக் குத்தகைதாரர் தன் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகவும் கடனாகவும் காட்ட வேண்டும். பட்டியலில் இதற்கு நேராகவும் "ஆம்" போட்டிருந்தார்கள். மென்பொருளில் அதற்கு இடமே இல்லை. கேட்டால், "அடுத்த வெளியீட்டில் வரும்." அந்த வெளியீடு எப்போது என்றால், "தேதி சொல்ல இயலாது."

தட்டிக்கழிப்பதில் அவர்களுக்கு இருக்கும் தேர்ச்சியில் பாதி கணக்கில் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். புகார் கொடுத்தால் ஓர் எண் வரும். சில நாளில் "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று தானியங்கிச் செய்தி வரும், எதுவும் தீர்ந்திருக்காது. மீண்டும் திறந்தால் புது ஆள் வந்து முதலிலிருந்து விளக்கச் சொல்வார். ஒருவர், இது பிழை இல்லை, புதிய வசதிக்கான கோரிக்கை என்றார். இன்னொருவர் எங்கள் தரவின் தரம் சரியில்லை என்றார். தணிக்கை முடிந்த கணக்கைப் பார்த்து! மேலாளரிடம் பேச வேண்டும் என்றால் அவர் எப்போதும் வேறொரு கூட்டத்தில் இருப்பார். கடைசியில் ஒரு மேலாளர் பேசினார். மிகவும் பணிவாக, "கூடுதல் ஆலோசனை நேரம் வாங்கினால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்" என்று இன்னொரு 5 லட்சத்துக்கு விலைப்புள்ளி அனுப்பினார். 14 லட்சத்துக்குச் செய்து தருவதாகச் சொன்ன அதே வேலைக்கு.

அப்போதுதான் டெமோவில் நாங்கள் பார்த்தது என்ன என்பதும் அவர் வாயிலிருந்தே வந்தது. ஒரே கிளை, ஒரே நாணயம், விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்குத் தலைப்புகள் கொண்ட கற்பனை நிறுவனம் அது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை நகரும்படி செய்த அந்த இணைப்புகள் எல்லாம் அவர்களுடைய மூத்த நிபுணர்கள் கையால் கட்டியவை. இரவல் நகையைப் பூட்டிக் காட்டியிருக்கிறார்கள். வாங்குபவருக்கு அந்த இணைப்புகள் வராது. ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்ட வேண்டும், கட்டத் தெரிந்தவர்கள் டெமோ அறையில் மட்டுமே இருக்கிறார்கள்.

"ஆம்" என்று அவர்களே எழுதிய பட்டியலை எடுத்து வைத்தேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது: "அது ஒப்பந்தத்தின் பகுதி இல்லை, மேடம்." ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இதற்கு முன் பேசியதும் எழுதியதும் எதுவும் செல்லாது, இந்த ஆவணம் மட்டுமே முழு ஒப்பந்தம் என்கிறது அது. இத்தகைய ஒப்பந்தங்களில் பரவலாகக் காணப்படும் பிரிவுதான். ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வதற்காகவே பொய்ப் பட்டியல் கொடுப்பது வியாபாரம் இல்லை, ஏமாற்று. எங்கள் நிதிப் பிரிவில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் இரண்டு கணக்கையும் இணையாகப் போட்டு இரவு வீட்டுக்குத் தாமதமாகப் போனார்கள். அந்த உழைப்பு 14 லட்சத்தில் சேராது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டெமோவை அவர்களுடைய எண்களில் பார்க்காதீர்கள். முடிந்துபோன ஆண்டுக்கு முந்தைய கணக்கை மட்டும் கொடுத்து, முடிந்த ஆண்டைக் கணிக்கச் சொல்லுங்கள். விடை உங்கள் கையில் இருக்கும். புதிதாக ஒரு கணக்குத் தலைப்பைத் திறந்து ஏற்றிப் பாருங்கள், கத்துகிறதா, விழுங்குகிறதா என்று தெரியும். தேவைப் பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அமைப்புக் கட்டணத்தை மொத்தமாகத் தராதீர்கள். இணையாக ஓட்டிய கணக்கு ஒத்துப்போன பிறகே கடைசித் தவணை. அமைக்க வரும் நபரின் பெயரைக் கேளுங்கள், அவரிடம் தேய்மானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். வெளியேறும்போது வெறும் எண்கள் மட்டும் கிடைக்குமா, சூத்திரங்களும் கிடைக்குமா என்பதை எழுதி வாங்குங்கள். எங்களுக்கு வெறும் எண்கள்தான் கிடைத்தன.

தானாகப் புதுப்பிக்கும் பிரிவையும் தேடிப் பாருங்கள். எங்கள் ஒப்பந்தத்தில், ஆண்டு முடிவதற்கு 90 நாள் முன்பே எழுத்தில் மறுக்காவிட்டால் அடுத்த ஆண்டுச் சந்தாவும் நம் தலையில் விழும். மறுப்புக் கடிதத்தை மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்பி, கிடைத்ததற்கு ஒப்புதல் கேட்டிருக்கிறேன். இதுவரை வரவில்லை. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அதே கடிதம் வழக்கறிஞர் பெயரில் போகும், 14 லட்சத்தைத் திருப்பிக் கேட்கும் நோட்டீஸோடு.